ஆண்ட்ரமீடா நம்மீது மோதுமா?

மார்கழி பிறந்தபின், நிலவில்லாத ஓர் இரவில் ஏழரை மணி வாக்கில் கொள்ளிடத்தின் வடகரைக்குச் சென்று வடக்கு நோக்கி நில்லுங்கள். திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் விளக்குகள் எல்லாம் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். தொடுவானத்திலிருந்து உச்சி வானம் வரையிலான உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு மேலே, மங்கலான பஞ்சுத் துணுக்கு போல் ஒன்று தெரியும். (வைகுண்ட ஏகாதசியன்று ஊரே விழித்திருக்கிறதே, அன்று பார்க்கலாமே என்று எண்ணாதீர்கள். அது வளர்பிறை ஏகாதசி. நிலவொளியில் பஞ்சுத் துணுக்கு மறைந்துவிடும்.) அதுதான் ஆண்ட்ரமீடா. நம் சூரியனைப் போன்ற பல ஆயிரம் கோடி விண்மீன்கள் அடங்கிய மாபெரும் மண்டலம். வெறுங்கண்ணால் காணக்கூடிய மிகத் தொலைவான பொருள்களில் ஒன்று.

அது நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கிறது.

இதை முதலில் அளந்தவர் வெஸ்டோ ஸ்லைஃபர் என்ற அமெரிக்க வானியலார். 1912-இல் ஆண்ட்ரமீடாவின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தார். அதிலுள்ள கோடுகள் நீலப் பக்கம் நகர்ந்திருந்தன. நெருங்கி வரும் ரயிலின் ஊதல் ஒலி கூர்மையாகக் கேட்கிறதல்லவா? நெருங்கி வரும் ஒளிக்கும் அதே கதிதான். வினாடிக்கு 300 கிலோமீட்டர் வேகம் என்று அவர் கணக்கிட்டார். அதில் பெரும்பகுதி, பால்வழி மண்டலத்தைச் சுற்றிவரும் நம் சூரியனின் வேகம். அதைக் கழித்தால் இரு மண்டலங்களும் வினாடிக்குச் சுமார் 110 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றையொன்று நெருங்குகின்றன. அந்த வேகத்தில் திருச்சியிலிருந்து சென்னைக்கு மூன்றே வினாடிகளில் போய்விடலாம்!

ஆனால் தூரம் எவ்வளவு? நம் பால்வழி மண்டலத்தின் குறுக்களவு ஏறத்தாழ ஒரு லட்சம் ஒளி ஆண்டு. ஓர் ஒளி ஆண்டு என்பது சுமார் 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். திருவரங்கம் பெரிய கோயிலின் வெளி மதிலைப் பால்வழி மண்டலத்தின் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கருவறை இருக்குமிடம் மண்டலத்தின் மையம். கருவறைக்கும் வெளி மதிலுக்கும் ஏறக்குறைய நடுவில் எங்கோ ஒரு புள்ளியில் நம் சூரியன். இந்த அளவில் ஆண்ட்ரமீடா கல்லணையையும் தாண்டி, இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி நிற்கும். அசல் கணக்கில் 25 லட்சம் ஒளி ஆண்டு.

சரி, வந்து மோதினால் என்ன ஆகும்? சூரியன் மீது இன்னொரு சூரியன் வந்து விழுமா? விழாது. ஏன் என்று பார்க்க அளவை மாற்றிக்கொள்வோம். சூரியனை இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு கடுகாகச் சுருக்கி, மலைக்கோட்டை உச்சிப்பிள்ளையார் கோயிலில் வையுங்கள். மிக அருகிலுள்ள அடுத்த விண்மீன் எங்கே இருக்கும் தெரியுமா? இன்னொரு கடுகாகத் தஞ்சைப் பெரிய கோயிலில்! இடையே சுமார் ஐம்பது கிலோமீட்டருக்கு ஒன்றுமில்லை. இப்படிப் பரவிக் கிடக்கும் இரு கடுகுக் கூட்டங்கள் ஒன்றினூடே ஒன்று புகுந்து போனால் எத்தனை கடுகுகள் முட்டிக்கொள்ளும்?

அப்படியானால் இரு மண்டலங்களும் ஊடுருவிக் கடந்து தத்தம் வழியே போய்விட வேண்டியதுதானே? இங்கேதான் சுவையான செய்தி இருக்கிறது. அதைச் சொன்னவர் நம்மவர்.

திருவானைக்காவலில் 1888-இல் பிறந்தவர் சர் சி.வி. ராமன் என்பது உங்களுக்குத் தெரியும். அவருடைய அண்ணன் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1930-இல் இங்கிலாந்து சென்று, பின் அமெரிக்காவில் பணியாற்றியவர். 1983-இல் நோபல் பரிசு பெற்றவர். அவர் 1943-இல் ஒரு கணக்கை வெளியிட்டார். விண்மீன்களுக்கிடையே நகரும் ஒரு பொருள், எதன் மீதும் மோதாமலே வேகம் இழக்கும் என்பது அதன் சாரம்.

மோதாமல் எப்படி வேகம் குறையும்? சித்திரைத் தேரோட்டத்தன்று திருவரங்கத்துத் தெருவில், எல்லோருக்கும் தெரிந்த ஒருவர் நடந்து போகிறார் என்று வையுங்கள். அவரைக் கண்டவர்கள் அவர் இருந்த இடத்தை நோக்கி நெருங்குகிறார்கள். அதற்குள் அவர் நாலடி முன்னே போயிருப்பார். ஆகவே கூட்டம் எப்போதும் அவருக்குப் பின்னால்தான் சேரும். விண்மீன்களும் அப்படியே. கனமான பொருளின் ஈர்ப்பால் இழுபட்ட விண்மீன்கள் அது கடந்த பாதையில் நெருக்கமாகின்றன. பின்னால் சேர்ந்த அந்தக் கூட்டத்தின் ஈர்ப்பு அதைப் பின்னோக்கி இழுக்கிறது. இதற்கு இயக்கவியல் உராய்வு என்று பெயர். மண்டலங்களைச் சூழ்ந்துள்ள, கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளும் இந்த இழுப்பில் பெரும் பங்கு வகிக்கிறது. ஆகவே இரு மண்டலங்கள் போதிய அளவு நெருங்கினால் வேகம் இழந்து, மீண்டும் மீண்டும் ஒன்றை ஒன்று ஊடுருவி, கடைசியில் ஒன்றாகிவிடும்.

ஆண்ட்ரமீடாவுக்கும் நமக்கும் அந்தக் கதி உறுதிதானா? 2012-இல் ஹப்பிள் தொலைநோக்கியைக் கொண்டு அதன் பக்கவாட்டு வேகத்தை அளந்தவர்கள், சுமார் 400 கோடி ஆண்டுகளில் நேருக்கு நேர் மோதல் என்று அறிவித்தார்கள். பல புத்தகங்களில் இன்றும் அப்படியே இருக்கிறது. ஆனால் 2025-இல் வெளிவந்த ஆய்வு, அக்கம்பக்கத்துச் சிறு மண்டலங்களின் ஈர்ப்பையும் சேர்த்துக் கணிப்பொறியில் லட்சம் முறை கணக்கிட்டுப் பார்த்தது. அடுத்த 1000 கோடி ஆண்டுகளுக்குள் இரண்டும் இணைய வாய்ப்பு ஏறத்தாழ பாதிக்குப் பாதிதான். பூவா தலையா போடுவது போல!

உயிரினங்களின் கதை வேறு. நம் சூரியன் நூறு கோடி ஆண்டுக்குச் சுமார் பத்து சதவீதம் பிரகாசமாகி வருகிறது. இன்னும் நூறு கோடி ஆண்டுகள் வாக்கில் கடல்கள் வற்றத் தொடங்கும் என்பது கணக்கு. ஆண்ட்ரமீடா வந்து சேரும்போது அதைப் பார்க்கக் காவிரியும் இராது, கரையில் நிற்க ஆளும் இருக்க மாட்டார். அதற்கு முன்பே, சுமார் 200 கோடி ஆண்டுகளில், பெரிய மெகல்லன் மேகம் என்ற சிறு மண்டலம் நம்மோடு இணையும் என்று கருதப்படுகிறது. அதுவுங்கூட நூறு கோடி ஆண்டு தாமதம்தான்.

உண்மையில் அஞ்ச வேண்டியது விண்மீன்களின் முட்டலை அல்ல. வாயு மேகங்களின் மோதலை. கடுகுகள் தப்பினாலும், இரு வெள்ளங்கள் எதிரெதிரே வந்தால் கொந்தளிக்கத்தானே வேண்டும்? வாயு நெருக்கப்பட்டால் புது விண்மீன்கள் கூட்டம் கூட்டமாகப் பிறக்கும். அவற்றுள் மிகப் பெரியவை விரைவில் வெடித்துச் சிதறும். அத்தகைய சூப்பர் நோவா சில பத்து ஒளி ஆண்டுத் தொலைவுக்குள் நிகழ்ந்தால் நம் ஓசோன் படலம் சிதையும். சூரியனின் புற ஊதாக் கதிர்கள் தடையின்றி உயிர்கள் மேல் பாயும். வாயுவில் ஒரு பங்கு மண்டலத்தின் மையத்திலுள்ள கருந்துளைக்குள் விழுந்தால் அங்கிருந்தும் கதிர்வீச்சு பெருகும்.

இது வெறும் கற்பனையல்ல. பசிபிக் கடலடிப் பாறைப் படிவில் இரும்பு-60 என்ற கதிரியக்க இரும்பு கிடைத்ததாக 1999-இல் ஜெர்மன் விஞ்ஞானிகள் அறிவித்தனர். அதன் அரை ஆயுள் 26 லட்சம் ஆண்டு. பூமி பிறந்தபோது இருந்தது எப்போதோ தீர்ந்துபோயிருக்கும். ஆகவே கிடைத்தது புதிதாக வெளியிலிருந்து வந்தது. 20, 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வெடித்த விண்மீனின் சாம்பல். வெடிப்பு சில நூறு ஒளி ஆண்டு தள்ளி நடந்ததால் உயிரினங்கள் பிழைத்தன.

வால்மீன் ஆபத்தும் உண்டு. சூரிய குடும்பத்தின் எல்லையில் சூழ்ந்துள்ள வால்மீன் கூட்டத்தை அருகில் வரும் விண்மீன் கலைத்தால், சில உள்நோக்கிப் பாயலாம். இதற்கு மண்டலங்கள் மோத வேண்டுமென்பதுகூட இல்லை. கிளீசி 710 என்ற விண்மீன் இன்னும் 13 லட்சம் ஆண்டுகளில் நம்மை ஒளி ஆண்டில் ஆறில் ஒரு பங்குத் தூரத்தில் கடக்கும். நம் கடுகுக் கணக்கில், மலைக்கோட்டையிலிருந்து இரண்டு கிலோமீட்டரில், காவிரிப் பாலத்தருகே வந்துவிட்டதாகும்!

இன்னொன்று சொல்ல வேண்டும். மண்டல மோதல் எதிர்காலச் செய்தி மட்டுமல்ல. 1994-இல் கண்டுபிடிக்கப்பட்ட தனுசுக் குறுமண்டலம், நம் பால்வழியின் ஈர்ப்பில் சிக்கி இப்போதே கிழிபட்டுக்கொண்டிருக்கிறது. அதன் விண்மீன்கள் நீண்ட இழையாக நம் மண்டலத்தையே சுற்றி வளைத்திருக்கின்றன. ஆடிப்பெருக்கன்று இரவு பத்து மணிக்கு, வானம் தெளிந்திருந்தால், காவிரிக் கரையில் தெற்கு நோக்கிப் பாருங்கள். பாதி வானத்து உயரத்தில் தனுசு ராசி இருக்கும். குறுமண்டலம் அந்தத் திசையில்தான், பால்வழி மையத்துக்கும் அப்பால், வெறுங்கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துகொண்டிருக்கிறது.