பைஜாமா பில்டிங்கை நிக்க வெச்சவர்!

சண்டிகர் ஹைகோர்ட் யாரோட டிசைன்? லெ கார்பூசியே. அகமதாபாத் ஐ.ஐ.எம்.? லூயி கான். ஆர்க்கிடெக்சர் பசங்க தூக்கத்துலகூட சொல்வாங்க. சரி, ரெண்டுலயும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரா வேலை பார்த்தவர் யாருங்க பாஸ்? பதில் ஒரே பேர்தான்... மகேந்திர ராஜ். சிவில் படிக்கிற நமக்கே தெரியலைன்னா எப்படி?

1924-ல் பிறந்தவர். 1946-ல் லாகூர்ல இன்ஜினீயரிங் முடிச்சார். பிரிவினைக்குப் பிறகு பஞ்சாப் பொதுப்பணித்துறை வேலை. அங்கேதான் கார்பூசியேயோட சண்டிகர் அவர் கைக்கு வந்தது. அப்புறம் அமெரிக்கா போய் மாஸ்டர்ஸ், நியூயார்க்ல வேலை. 1960-ல் பம்பாயில் சொந்த ஆபீஸ் போட்டுட்டார். சார்லஸ் கொரியா, தோஷி, ராஜ் ரேவால்னு பெரிய ஆர்க்கிடெக்ட்டுகள் எல்லாம் அவரோட சேர்ந்து வேலை பார்த்தாங்க.

அவரோட மாஸ்டர் பீஸ், டெல்லி பிரகதி மைதானத்துல 1972-ல் திறந்த 'ஹால் ஆஃப் நேஷன்ஸ்'. ரேவாலோட டிசைன். சுமார் 78 மீட்டருக்கு நடுவுல ஒரு தூண்கூட கிடையாது! முக்கோண முக்கோணமா பின்னின ஸ்பேஸ் ஃப்ரேம். வழக்கமா இதை ஸ்டீல்லதான் பண்ணுவாங்க. ஃபேக்டரியில் செஞ்ச குழாய்களைக் கொண்டுவந்து மாட்டினா வேலை முடிஞ்சது. ஆனா, அப்போ நம்ம நாட்டுல ஸ்டீலுக்குத் தட்டுப்பாடு. ஆள் பலம்தான் நிறைய. அதனால, மொத்தத்தையும் சைட்லயே கான்கிரீட்ல வார்த்தாங்க.

இதுல என்ன கஷ்டம்னு கேக்கறீங்களா? ஒரு பீமும் தூணும் சேர்ற இடத்துல கம்பி கட்டறதைப் பார்த்திருப்பீங்க. அதுக்கே நாக்கு தள்ளும். இங்கே ஒரே புள்ளியில் ஒன்பது உறுப்புகள் வரைக்கும் வந்து முட்டுது. அத்தனை திசையிலிருந்து வர்ற கம்பிக்கும் இடம் விடணும், நடுவுல கான்கிரீட்டும் இறங்கணும். படம் வரையறது ஒரு திறமைன்னா, அந்த முடிச்சை அவிழ்க்கறது இன்னொரு திறமை. ரெண்டுக்கும் சம மார்க் போடணும்ங்கறது என் கட்சி!

2017 ஏப்ரல்ல, ஒரே ராத்திரியில் அதை இடிச்சுட்டாங்க. புது மாநாட்டு மையம் கட்டணுமாம். பாரம்பரியக் கட்டடமா பரிசீலிக்கவே 60 வயசு ஆகணும்னு சொல்லிட்டாங்க. அதுக்கு 45 தான். கோர்ட்டுக்குப் போயும் பலன் இல்லை. அப்போ மகேந்திர ராஜ் தொண்ணூறைத் தாண்டியிருந்தார். 2022-ல் காலமானார்.

தெற்கு டெல்லியில் தேசிய கூட்டுறவு வளர்ச்சிக் கழக ஆபீஸ் இன்னும் இருக்கு. ஆர்க்கிடெக்ட் குல்தீப் சிங், இன்ஜினீயர் நம்ம ஆள். படிப்படியா சரிஞ்சு ஏறுற ரெண்டு பிளாக்குகள் மேலே போய் ஒண்ணுமேல ஒண்ணு சாஞ்சு நிக்கும். ஊர்க்காரங்க வெச்ச செல்லப் பேர் 'பைஜாமா பில்டிங்'. டெல்லி டூர் போனா கீழே நின்னு அண்ணாந்து பாருங்க. ஒரு பக்கம் மட்டும் தனியா நின்னா என்ன ஆகும்னு யோசிச்சுக்கிட்டே!