உப்புக் கேட்கும் நாக்கு

நாராயணவனம் நெசவுக்குப் பேர்போன ஊர். அங்கே ஒரு பெரியவர். வயது 65. தறியை விட்டு எழுந்து சாப்பிட உட்காருவார். "குழம்பில் உப்பே இல்லையே!" என்பார். ஒரு சிட்டிகை உப்பை அள்ளிப் போட்டுக்கொள்வார். இப்படி ஒரு பெரியவர் நம் வீட்டிலும் இருப்பார்.

நாக்குக்கு ருசி ஏன் குறைகிறது? வயது ஒரு காரணம். துத்தநாகம் குறைவதும் ஒரு காரணம்.

துத்தநாகம் என்பது என்ன? இரும்புத் தகட்டில் துருப் பிடிக்காமல் பூசுகிறார்களே, அதே உலோகம்தான். உடம்புக்கும் அது வேண்டும். ஆணுக்கு ஒரு நாளைக்கு 17 மில்லிகிராம். பெண்ணுக்கு 13. ஏறக்குறைய ஓர் அரிசியின் எடை! அது குறைந்தால் புண் சீக்கிரம் ஆறாது. அடிக்கடி நோய் பிடிக்கும். இதை 1960-களில் உலகுக்குச் சொன்னவர் பீகாரில் பிறந்த டாக்டர் ஆனந்த பிரசாத். ஈரான் கிராமங்களில் ரொட்டியையே தின்று, வளராமல் போன இளைஞர்களைப் பார்த்துக் கண்டுபிடித்தார்.

கேழ்வரகிலும் பயறிலும் நிலக்கடலையிலும் துத்தநாகம் உண்டு. ஆனால் தானியத்தில் உள்ள ஒரு பொருள் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஊறவைத்தால், முளைகட்டினால், புளிக்கவைத்தால் பிடி தளரும். நம் பாட்டிமார் கூழைப் புளிக்கவைத்தது வீண் போகவில்லை. முட்டை, மீன், கறியில் இந்தத் தொல்லை இல்லை. பல் போனவர்கள் இவற்றை ஒதுக்கிவிடுகிறார்கள். வரவு குறைகிறது.

அப்படியானால் மாத்திரையை வாங்கி விழுங்கலாமா? கூடாது. அளவு மிஞ்சினால் உடம்பில் தாமிரம் குறையும். ரத்தசோகை வரும், கால் மரத்துப்போகும். துத்தநாக மாத்திரை பக்கவாதத்தைத் தடுக்கும் என்பதற்கும் சான்று இல்லை. மூளையில் ரத்தம் நின்றால், நரம்புகளில் இருக்கும் துத்தநாகமே அளவுமீறிக் கொட்டி, பக்கத்து நரம்புகளைக் கெடுக்கிறது.

பக்கவாதத்துக்கு முதல் காரணம் ரத்தக் கொதிப்பு. பெரியவர் அள்ளிப் போடும் உப்பு அதைத்தான் ஏற்றுகிறது. பீடியும் சர்க்கரை நோயும் கூடச் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். உப்புக்குப் பதில் எலுமிச்சை பிழியலாம். மிளகு, கொத்தமல்லி சேர்க்கலாம். கொதிப்பு மாத்திரையை நிறுத்தக் கூடாது.

ஒருநாள் திடீரென்று வாய் கோணுகிறது, ஒரு கை தூக்க வரவில்லை, பேச்சுக் குழறுகிறது என்றால்? எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். திருப்பதி சுமார் 40 கிலோமீட்டர்தான். பெரிய ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுப்பார்கள். ரத்தம் உறைந்து அடைத்திருந்தால் கரைக்க ஊசி உண்டு. நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். "எத்தனை மணிக்கு ஆரம்பித்தது?" என்றுதான் டாக்டர் முதலில் கேட்பார். கடிகாரத்தைப் பார்த்து, நேரத்தை ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள்.