கருவிக்குப் பின்னால்

நுழையும்முன்

படம் ஒன்றைக் காணும்போது அதில் இருப்பவர் யார் என்று கேட்கிறோம். அதை எடுத்தவர் யார் என்று கேட்பது அரிது. ஒளிப்படத்திலும் திரைப்படத்திலும் பெண்கள் தொடக்கம் முதலே இடம்பெற்று வந்துள்ளனர். ஆனால், கருவியின் எதிரில். அதன் பின்னால் சென்று நின்ற சிலரைப் பற்றியும், அந்த இடம் அவர்களுக்கு எவ்வாறு வாய்த்தது என்பதைப் பற்றியும் இக்கட்டுரை விளக்குகிறது.

பெரம்பூரின் பழைய வீடுகள் பலவற்றில் கூடத்துச் சுவரில் சட்டமிட்ட கறுப்பு வெள்ளைக் குடும்பப்படம் ஒன்று தொங்கும். நடுவில் நாற்காலியில் தந்தை. அருகில் கைக்குழந்தையுடன் தாய். பின்னால் மாளிகைத் தூண்களும் பூந்தொட்டிகளும் வரையப்பட்ட திரைச்சீலை. பக்கிங்காம் கர்நாடிக் ஆலையிலோ, 1955இல் தொடங்கப்பெற்ற இரயில்பெட்டித் தொழிற்சாலையிலோ பணியாற்றியவர், கையில் சிறிது பணம் சேர்ந்த நாளொன்றில் குடும்பத்தை ஸ்டூடியோவுக்கு அழைத்துச் சென்று எடுத்த படமாக அது இருக்கும். தாய் நேராகப் பார்த்திருப்பார். அல்லது நாணித் தலை கவிழ்ந்திருப்பார். கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு அவரைப் பார்த்தவர் பெரும்பாலும் ஓர் ஆண்.

வீட்டுப்படங்கள் மட்டுமல்ல, ஊரின் பொதுப்படங்களும் இவ்வாறே அமைந்தன. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியதும், 1921இல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீடித்ததும் பெரம்பூர் வட்டாரத்தில்தான். அக்காலத்தைப் பற்றிப் பேசும்போது தலைவர்களும் ஆலைவாயிலும் ஆண்களின் கூட்டமுமே நம் மனக்கண்ணில் தோன்றுகின்றன. கூலி வராத அம்மாதங்களில் வீடுகளில் உலை எவ்வாறு கொதித்தது என்பதும் அவ்வேலைநிறுத்தத்தின் வரலாறே. அதைக் காண வேண்டுமானால் ஒருவர் அடுப்பங்கரைக்குள் கருவியோடு செல்ல வேண்டும். அவ்வளவு உள்ளே செல்ல யாருக்கு இசைவு கிடைத்திருக்கும்?

திரைச்சீலைக்கு அப்பால்

இவ்வினாவுக்கு ஐதராபாத்தில் ஒருவகையான விடை கிடைத்தது. கோஷா வழக்கத்தின்படி வாழ்ந்த உயர்குடிப் பெண்கள் அயல் ஆடவரின் எதிரில் அமர்ந்து படம் எடுத்துக்கொள்ள இயலாது. புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் லாலா தீன்தயாள், 1892இல் பெண்களுக்கென்றே தனி ஸ்டூடியோ ஒன்றை அங்குத் திறந்தார். அதன் பொறுப்பைக் கென்னி லெவிக் என்னும் ஆங்கிலப் பெண்மணி ஏற்றார். பெண்ணை வீட்டுக்குள் அடைத்துவைத்த அதே வழக்கம்தான் கருவிக்குப் பின்னால் ஒரு பெண் தேவை என்ற நிலையையும் உண்டாக்கியது. வரலாறு சிலவேளை இப்படிக் கொல்லைப்புற வழியாகவும் வரும்.

தெருவில் நின்று செய்திப்படம் எடுப்பதற்கு இன்னும் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தியாவின் முதல் பெண் செய்தி ஒளிப்படக் கலைஞர் எனப் போற்றப்படும் ஹோமாய் வியாரவாலா (1913–2012) எடுத்த தொடக்ககாலப் படங்கள் அவருடைய கணவரின் பெயரிலேயே வெளிவந்தன. புதுதில்லியில் விடுதலைக் காலத்து நிகழ்வுகளைச் சேலை உடுத்தியவாறே கனத்த கருவியுடன் அவர் படமாக்கினார். 1970இல் தொழிலை விட்டு விலகினார். பத்ம விபூஷண் விருது அவரைத் தேடி வந்தது 2011இல். அதாவது, அவர் கருவியைக் கீழே வைத்து நாற்பது ஆண்டுகள் கழிந்த பிறகு.

கமலாவின் கதை

தமிழ்த் திரையில் இம்முயற்சி இன்னும் முன்பே தொடங்கிவிட்டது. திருவையாற்றில் 1911இல் பிறந்த டி.பி. இராஜலட்சுமி, நாடகமேடையில் வளர்ந்தவர். 1931 அக்டோபர் 31 அன்று வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ அவரைக் கதாநாயகியாகக் கொண்டது. அப்படத்தின் சுருள் இன்று கிடைக்கவில்லை.

நடிகையாகப் பெற்ற புகழோடு அவர் நின்றுவிடவில்லை. ‘கமலவல்லி’ என்ற தம் நாவலை அடிப்படையாகக் கொண்டு, சொந்த நிறுவனத்தின் வழியே ‘மிஸ் கமலா’ என்னும் படத்தை 1936இல் உருவாக்கினார். கதை, இயக்கம், தயாரிப்பு, நடிப்பு ஆகிய அனைத்தும் அவருடையவை. தமிழ்த் திரையின் முதல் பெண் இயக்குநர் என்ற பெயர் அவருக்கு இதனால் வாய்த்தது. தம் மகளுக்கும் கமலா என்றே பெயரிட்டார். பெண்ணின் திருமணத்தை அவளைக் கேளாமலே முடிவு செய்த காலத்தில், ஒரு பெண்ணின் கதையை ஒரு பெண்ணே எழுதித் தன் பணத்தில் படமாக்கினார் என்பது சிறிய செய்தியன்று.

எனினும் இயக்குநரின் பணி வேறு, ஒளிப்பதிவாளரின் பணி வேறு. என்ன நடக்க வேண்டும் என்பதை இயக்குநர் கூறுவார். அது எந்த ஒளியில், எந்தக் கோணத்தில், எவ்வளவு நெருக்கத்தில் பதிவாக வேண்டும் என்பதை ஒளிப்பதிவாளர் முடிவு செய்வார். ‘மிஸ் கமலா’ வெளிவந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்த பின்னரே அந்த இரண்டாம் பணியில் ஒரு பெண்ணின் பெயரைத் தமிழ்த்திரை கண்டது.

காணாமல் நம்புதல்

இத்துணைக் காலத்தாழ்வுக்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம் கருவியின் எடை. இக்காரணம் ஆராயத்தக்கது. படப்பிடிப்புத் தளத்தில் கருவியைத் தூக்கவும் நகர்த்தவும் உதவியாளர்கள் உண்டு. தள்ளுவண்டியும் பாரந்தூக்கியும் உண்டு. காசிமேட்டில் மீன்கூடை சுமக்கும் பெண்களையும், கட்டட வேலையில் செங்கல் சுமக்கும் பெண்களையும் நோக்கி எடையைக் குறித்து எவரும் கவலைப்படுவதில்லை. அப்படியாயின் உண்மையான தடை எது? படச்சுருள் செயற்படும் முறையை அறிந்தால் அது விளங்கும்.

படச்சுருளின் மீது வெள்ளி உப்புகள் பூசப்பட்டிருக்கும். ஒளி படும்போது அவை மாற்றமடைகின்றன. கருவியின் வழியே நொடிக்கு 24 சட்டகங்கள் என்ற கணக்கில் சுருள் ஓடுகிறது. ஒவ்வொரு சட்டகத்திலும் எவ்வளவு ஒளி விழ வேண்டும் என்பதை, ஒளிப்பதிவாளர் ஒளிமானியை நடிகரின் முகத்தருகே பிடித்து அளந்து, வில்லையின் துளையைக் கூட்டியும் குறைத்தும் தீர்மானிக்கிறார். ஒளி மிகுந்தால் முகம் வெளுத்துப்போகும், குறைந்தால் இருண்டுவிடும். சரியாக வந்ததா என்பதை அங்கேயே பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. சுருள் ஆய்வுக்கூடத்துக்குச் சென்று, இரசாயனக் கரைசலில் கழுவப்பட்டு, படி எடுக்கப்பட்டுத் திரையில் ஓடும்வரை அனைவரும் காத்திருக்க வேண்டும். தவறு நேர்ந்திருந்தால் சுருள், நடிகரின் நாள், அரங்கு, கூலி அனைத்தும் வீண்.

ஆகவே, தயாரிப்பாளர் தம் பணம் முழுவதையும் ஒருவருடைய கண்ணை நம்பியே ஒப்படைத்தார். காணாமல் நம்ப வேண்டிய அவ்விடத்தில் பெண்ணை நம்ப எவரும் முன்வரவில்லை. தடை தோளில் இல்லை; நம்பிக்கையில் இருந்தது.

அந்நம்பிக்கையைப் பெற்றவர் பி.ஆர். விஜயலட்சுமி. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, ‘கர்ணன்’ முதலிய படங்களை இயக்கிய பி.ஆர். பந்துலுவின் மகள். ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’ (1980) படத்தில் ஒளிப்பதிவாளர் அசோக்குமாரிடம் உதவியாளராகச் சேர்ந்து தொழில் கற்றார். அவ்வொளிப்பதிவுக்காக அசோக்குமார் தேசிய விருது பெற்றார் என்பதை நோக்கினால், மாணவி கற்ற பள்ளி எத்தகையது என்பது விளங்கும். 1985இல் கே. பாக்யராஜின் ‘சின்ன வீடு’ படத்தின் வழியே தனி ஒளிப்பதிவாளரானார். ஆசியாவின் முதல் பெண் திரைப்பட ஒளிப்பதிவாளர் என்று அவர் குறிப்பிடப்படுகிறார். பின்னர் ‘பாட்டு பாடவா’ (1995), ‘அபியும் அனுவும்’ (2018) ஆகிய படங்களை இயக்கினார்.

தந்தையர் திறந்த கதவு

விஜயலட்சுமி திரைத்துறைக் குடும்பத்தில் பிறந்தவர் என்பது கவனிக்கத்தக்கது. கடல் கடந்து கானா நாட்டிலும் இதே போன்றதொரு நிகழ்வைக் காணலாம். அந்நாட்டின் முதல் பெண் தொழில்முறை ஒளிப்படக் கலைஞராகக் கருதப்படும் ஃபெலிசியா அப்பான், சிறுவயதிலேயே ஒளிப்படக் கலைஞரான தம் தந்தையிடம் பயின்றவர். அக்ரா நகரின் ஜேம்ஸ்டவுன் பகுதியில் சொந்தமாக ஸ்டூடியோ நடத்தினார். பழைய துறைமுகமும் மீனவர் குடியிருப்பும் நெருங்கிக் கிடக்கும் இடம் அது. நம் இராயபுரத்தை நினைத்துக்கொண்டால் போதும். நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் குவாமே நிக்ருமாவையும் அவர் படமெடுத்தார். விழாக்களுக்குப் புறப்படும் முன் நன்கு உடுத்திக்கொண்டு தம்மைத் தாமே எடுத்துக்கொண்ட படங்கள்தாம் இன்று பெரிதும் பேசப்படுகின்றன. தற்படம் என்று இளைஞர் இன்று கூறும் அதனை, அவர் தம் தொழில்திறனுக்கான விளம்பரமாகவே பயன்படுத்தினார். அப்படங்கள் 2019இல் வெனிஸ் நகரின் பன்னாட்டுக் கலைக்காட்சியில் இடம்பெற்றன.

தந்தையின் கையிலிருந்து கருவி மகளின் கைக்கு மாறுவது மகிழ்ச்சியே. ஆனால், தந்தை ஆலைத் தொழிலாளியாகவோ சுமைதூக்குபவராகவோ இருந்தால் மகள் எங்கே செல்வாள்? இவ்விடத்தில்தான் பயிற்சி நிறுவனத்தின் தேவை புலப்படுகிறது. புனே திரைப்படக் கல்லூரியில் பயின்ற ஃபௌசியா பாத்திமா, நடிகை ரேவதி இயக்கிய ‘மித்ர் மை ஃபிரெண்ட்’ (2002) படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். படக்குழுவில் பெரும்பாலோர் பெண்கள். சிறந்த ஆங்கிலப் படம், நடிப்பு, படத்தொகுப்பு ஆகியவற்றுக்கான தேசிய விருதுகளை அது பெற்றது. 2017இல் பெண் ஒளிப்பதிவாளர்கள் தமக்கென அகில இந்திய அளவில் கூட்டமைப்பு ஒன்றைத் தொடங்கியபோது அதை முன்னின்று அமைத்தவர்களுள் அவரும் ஒருவர்.

ஊருக்குத் திரும்பிய கருவி

பெண் கருவியை ஏந்துவதால் படத்தில் என்ன மாறுகிறது என்று கேட்கலாம். மாற்றம் கட்டாயம் நிகழும் என்று கூற இயலாது. பெண் எடுத்த எல்லாப் படங்களும் சிறந்தவை என்பதுமில்லை. ஆயினும் செனகல் நாட்டின் சாஃபி ஃபாயின் வாழ்க்கை சிந்திக்கத்தக்கது. டாக்கர் நகரில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர், பாரிஸில் இனவரைவியலும் திரைப்படக்கலையும் கற்றார். கற்ற பின் கருவியோடு தம் சொந்தக் கிராமத்துக்குத் திரும்பினார். ‘உழவரின் குரல்’ என்று பொருள்படும் ‘காது பெய்கத்’ (1975) அவ்வாறு உருவானது. நிலக்கடலை ஒன்றை மட்டுமே பயிரிட்டு, மழை பொய்த்ததும் வரி கட்ட இயலாமல் தவிக்கும் உழவர்கள் அதில் தம் துன்பத்தைத் தாமே பேசினர். திருமணச் செலவுக்குப் பணமின்றி நகரத்துக்கு வேலை தேடிச் செல்லும் இளைஞன் ஒருவனின் கதையும் உடன் வரும். அப்படம் செனகலில் சிலகாலம் தடைசெய்யப்பட்டிருந்தது. அயலார் ஆப்பிரிக்கக் கிராமங்களைப் பலமுறை படமெடுத்துள்ளனர். ஆனால், தங்கள் மகளே கேட்டபோது அவ்வூரார் சொன்னவை வேறு.

வடசென்னையும் பலமுறை படமாகியுள்ளது. சுதா கொங்கராவின் ‘இறுதிச்சுற்று’ (2016) இப்பகுதியின் மீன் விற்கும் பெண்ணொருத்தியைக் குத்துச்சண்டை வீராங்கனையாகக் காட்டியது. எனினும், இவ்விடத்துப் பெண்களே எடுத்த படங்கள் இன்னும் மிகச்சில. எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த கொசஸ்தலை ஆற்றில் இருளர் பெண்கள் கூடையைப் பல்லால் கடித்துப் பிடித்தபடி, இரு கைகளாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கின்றனர். கரையில் நின்று எடுத்தால் அது ஓர் அழகிய காட்சி. நீரில் இடுப்பளவு இறங்கி நின்று எடுத்தால் சேற்றில் கிழிபடும் விரல்களும் தெரியும்.

இப்பகுதியின் வாழ்வைத் தொடர்ந்து பதிவு செய்துவரும் ஒளிப்படக் கலைஞர் மு. பழனிக்குமார், தாம் எடுப்பதோடு நில்லாமல் வடசென்னையின் மாணவர்க்கும் மாணவியர்க்கும் பயிற்சி அளித்து வருகிறார். அவர்கள் எடுத்த படங்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. தம் தெருவையும் தம் தாயரின் வேலையையும் அவர்கள் தாமே எடுக்கத் தொடங்கியுள்ளனர்.

எண்ணிமக் கருவி வந்த பின், எடுத்த காட்சியை அப்பொழுதே சிறுதிரையில் பார்க்கலாம்; பழைய அச்சத்துக்கு இனி இடமில்லை. திரைப்படத் தொழிலைக் கற்பிக்கும் அரசு நிறுவனம் சென்னைத் தரமணியில் உள்ளது. 1945இல் சென்னைப் பல்தொழில்நுட்பப் பயிலகத்தின் ஒரு பிரிவாகத் தொடங்கிய அந்நிறுவனத்தில் ஒளிப்பதிவும் ஒரு பாடம். பெரம்பூரில் புறநகர் இரயிலேறிச் சென்ட்ரலில் இறங்கி, எதிரே பூங்கா நகரில் பறக்கும் இரயிலுக்கு மாறினால் தரமணிக்குச் சென்றுவிடலாம்.