மென்பொருள் கருவி ஆவணப்படுத்தல்

மென்பொருள் கருவி ஆவணப்படுத்தல் என்பது ஒரு மென்பொருள் கருவி என்ன செய்யும், அதற்கு எவ்வகை உள்ளீடுகளைத் தரவேண்டும், அது எதைத் திருப்பித் தரும், எப்போது பிழை காட்டும் என்பவற்றை எழுத்தில் விளக்குவதாகும். நெடுங்காலம் இவ்வாவணங்கள் மனிதர்களுக்காகவே எழுதப்பட்டன. தற்போது செயற்கை நுண்ணறிவு முகவர்களும் இவற்றை வாசித்துக் கருவிகளை இயக்குகின்றன.

வரலாறு

1971 நவம்பரில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் எழுதிய யுனிக்ஸ் நிரலாளர் கையேடு வெளிவந்தது. அதில் ஒவ்வொரு கட்டளைக்கும் பெயர், பயன்படுத்தும் முறை, விளக்கம், அறியப்பட்ட வழுக்கள் முதலியன தனித்தனித் தலைப்புகளில் தரப்பட்டன. இணையச் சேவைகளை இயந்திரம் வாசிக்கும் வடிவில் விவரிக்கும் சுவாகர் 2011 இல் தோன்றியது. இதன் வரையறை பின்னர் ஓப்பன்ஏபிஐ எனப் பெயர் மாற்றப்பட்டது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் மாதிரிச் சூழல் நெறிமுறையை வெளியிட்டது. இதில் ஒவ்வொரு கருவியும் தன் பெயரையும், விளக்கத்தையும், உள்ளீட்டு வரையறையையும் முகவருக்கு அறிவிக்கிறது.

முகவர் வாசிக்கும் முறை

கருவியின் உட்புற நிரல் பொதுவாக முகவருக்குக் காட்டப்படுவதில்லை. தரப்பட்ட விளக்கத்தைக் கொண்டே அது கருவியைத் தேர்ந்தெடுத்து உள்ளீடுகளை நிரப்புகிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவர் ஐயம் எழுந்தால் அருகில் இருப்பவரைக் கேட்பார். முகவரோ விடுபட்டதை ஊகித்து நிரப்பிவிடக்கூடும். ஊகம் தவறானாலும், எண் ஏற்கத்தக்க எல்லைக்குள் இருந்தால் கருவி பிழை காட்டாது.

எடுத்துக்காட்டு: நூல் கவுன்ட்

திருப்பூர் பின்னலாடைத் தொழிலில் நூலின் பருமன் 'கவுன்ட்' எனும் எண்ணால் குறிக்கப்படுகிறது. ஆங்கிலப் பருத்தி முறையில், ஒரு பவுண்டு எடையுள்ள நூலில் 840 கெஜம் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை அடங்கும் என்பதே கவுன்ட் ஆகும். எண் கூடினால் நூல் மெல்லியதாகும். டெக்ஸ் முறையிலோ 1000 மீட்டர் நூலின் கிராம் எடையே எண்ணாகும். இதில் எண் கூடினால் நூல் பருமனாகும். 590.5 ஐக் கவுன்டால் வகுத்தால் டெக்ஸ் கிடைக்கும்.

30 ஆம் கவுன்ட் நூல் ஒரு கிலோவில் ஏறத்தாழ 50,800 மீட்டர் இருக்கும். 30 டெக்ஸ் நூல் ஏறத்தாழ 33,300 மீட்டரே இருக்கும். நூல் தேவையைக் கணக்கிடும் கருவியின் ஆவணத்தில் 'கவுன்ட்: எண்' என்று மட்டும் இருந்தால், முகவர் எந்த முறையில் 30 என்று தந்தாலும் கருவி அதை ஏற்று ஒரு விடையைத் தந்துவிடும். நூல் கொள்முதல் தவறிய பின்னரே பிழை தெரியவரும். 'ஆங்கிலப் பருத்தி முறையில் கவுன்ட், டெக்ஸ் மதிப்பைத் தரக்கூடாது, எ.கா. 30' என்று எழுதினால் இக்குழப்பம் நீங்கும். துணியின் டயா அங்குலத்திலும், ஜிஎஸ்எம் ஒரு சதுர மீட்டருக்குக் கிராமிலும் அளக்கப்படுவதால், அவற்றுக்கும் அலகைக் குறிப்பிடுதல் வேண்டும்.

எடுத்துக்காட்டு: மின் விலைப்பட்டியல்

சரக்கு மற்றும் சேவை வரியின் கீழ் மின் விலைப்பட்டியல் முறை 2020 அக்டோபர் 1 அன்று 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்கு நடைமுறைக்கு வந்தது. இவ்வரம்பு படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடி ரூபாய் ஆனது. ஏற்றுமதி விலைப்பட்டியல்களும் இதில் அடங்கும். பதிவாகும் ஒவ்வொரு பட்டியலுக்கும் 64 எழுத்துருக்கள் கொண்ட குறிப்பெண் வழங்கப்படுகிறது.

பதிவான பட்டியலைப் பதிவுத் தளத்தில் திருத்த முடியாது. 24 மணி நேரத்திற்குள் இரத்து மட்டுமே செய்யலாம். இரத்தான பட்டியலின் எண்ணை மீண்டும் பயன்படுத்தவும் முடியாது. 100 டஜன் என்பது 100 உருப்படி எனப் பதிவானால் 1,100 ஆடைகள் கணக்கில் குறையும். தேதியை நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் தரவேண்டும். 05/08 என்பதை அமெரிக்க வழக்கப்படி மே 8 என்று கொள்ளக்கூடாது. இத்தகைய கருவியின் ஆவணத்தில் இவ்விதிகள் அனைத்தும் வெளிப்படையாக இருத்தல் வேண்டும்.

நல்ல ஆவணத்தின் கூறுகள்

- செயலை உணர்த்தும் பெயர். 'செயலாக்கு' என்பதை விட 'விலைப்பட்டியலை இரத்து செய்' என்பது தெளிவானது.
- எப்போது பயன்படுத்த வேண்டும், எப்போது கூடாது என்ற குறிப்பு.
- ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் அலகு, வடிவம், ஏற்கத்தக்க மதிப்புகள்.
- விளைவு: கருவி தரவை வாசிக்க மட்டும் செய்கிறதா, மாற்றுகிறதா, அம்மாற்றத்தை மீட்க முடியுமா என்பது.
- திருத்தும் வழியைச் சொல்லும் பிழைச்செய்தி.
- குறைந்தது ஓர் எடுத்துக்காட்டு.

வரம்புகள்

ஆவணம் மிக நீண்டால் முகவர் ஒரே நேரத்தில் கையாளும் உரையளவில் பெரும்பகுதியை அதுவே எடுத்துக்கொள்ளும். ஒத்த விளக்கமுடைய கருவிகள் பல இருந்தால் தவறான கருவி தேர்வாகலாம். கருவியின் விளக்கத்திலேயே தீய கட்டளைகளை மறைத்து வைக்கும் தாக்குதல்களும் அறியப்பட்டுள்ளன. தெளிவான ஆவணம் பிழையைக் குறைக்குமே தவிர முற்றிலும் நீக்காது. எனவே மீட்க முடியாத செயல்களுக்கு முன் மனிதரின் ஒப்புதலைப் பெறும் அமைப்பும் தேவையாகிறது.

இவற்றையும் பார்க்க

- நிரலாக்க இடைமுகம்
- செயற்கை நுண்ணறிவு
- பின்னலாடை
- திருப்பூர்