மைன்ஸ்வீப்பர்: ஊகம் வேண்டாம், எண்ணைப் பாருங்கள்!

கல்லூரி லேபில் மைன்ஸ்வீப்பரைக் குருட்டாம்போக்கில் க்ளிக் செய்தே தோற்றவன் நான். 1992-ல் விண்டோஸ் 3.1 உடன் வந்த இந்த விளையாட்டில், ஓர் எண் தன்னைச் சுற்றியுள்ள 8 கட்டங்களில் எத்தனை குண்டுகள் என்பதைச் சொல்கிறது.

1. எண்ணும், சுற்றியுள்ள திறக்காத கட்டங்களின் எண்ணிக்கையும் சமமா? அனைத்தும் குண்டுகளே. ரைட் க்ளிக் செய்து கொடி நடுங்கள்.

2. எண்ணுக்குச் சமமாகக் கொடிகள் நட்டாயிற்றா? மீதிக் கட்டங்களைத் தைரியமாகத் திறக்கலாம்.

3. திறக்காத நேர் வரிசையை மட்டும் ஒட்டி 1-2-1 வந்தால், இரண்டு 1-களுக்கும் நேரே குண்டு. 2-க்கு நேரே கிடையாது.

எக்ஸ்பர்ட் நிலையில் 480 கட்டங்களில் 99 குண்டுகள். சில இடங்களில் ஊகித்தே ஆக வேண்டும். அதைக் கடைசிக்கு வையுங்கள். மீதமுள்ள குண்டுகளின் எண்ணிக்கையே சில சமயம் விடை சொல்லிவிடும்.