மண்புழுவும் இல்லை, பாம்பும் இல்லை

மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் பாக்கு, ஏலம், காப்பி வைத்திருப்பவர்கள் மழைக்காலத்தில் மண்ணைக் கொத்தும்போது, ஒரு சாண் நீளத்தில், கரும்பழுப்பாக ஒன்று நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். சிலதுக்கு விலாவில் மஞ்சள் கோடு ஓடும். "குட்டிப் பாம்புடா!" என்று ஒரே வெட்டு. பாவம், அது பாம்பே இல்லை. தவளைக்குச் சொந்தக்காரன், கால்தான் கிடையாது. ஆராய்ச்சியாளர்கள் சிசிலியன் என்பார்கள்.

உடம்பு முழுக்க மண்புழு மாதிரி வளையம். வால் எங்கே என்று தேட வேண்டும். கண் இரண்டும் தோலுக்கடியில் மங்கிய புள்ளிகள். கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே உள்ள சிறு உணர்கொம்பை நீட்டி மோப்பம் பிடித்தே மண்ணுக்குள் இரை தேடுகிறது.

இரை என்ன? மண்புழு, கரையான், எறும்பு. "மண்புழுவைத் தின்றால் நமக்கு நஷ்டமாச்சே?" என்பீர்கள். கரையானையும் சேர்த்துத்தானே தின்கிறது! பயிரின் வேரை அது தொடுவதில்லை. அது தங்குகிற மண்ணில் ஈரத்துக்கும் மண்புழுவுக்கும் பஞ்சமில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தாயின் காவலைச் சொல்லியாக வேண்டும். நம் மலைகளில் உள்ள மஞ்சள்கோட்டு இனம் ஓடையோர ஈரமண்ணில் வளை செய்து, மணி கோத்த மாதிரி முட்டையிடும். தாய் அதைச் சுற்றிச் சுருண்டு படுத்துக்கொள்ளும். தாயை வெட்டிவிட்டால் முட்டையில் பூஞ்சணம் பிடித்து அத்தனையும் அழுகிவிடும். ஒரு வெட்டில் ஒரு குடும்பமே போச்சு! பொரித்த குஞ்சு தண்ணீருக்குப் போய், துடுப்பு வாலோடு பல மாதம் நீந்தி வளர்ந்து, பிறகுதான் கரையேறும். ஆகவே ஓடை வற்றினாலும் கெட்டாலும் அதன் வம்சம் வளராது.

பாம்புகளும், மண்ணைக் கிளறும் பறவைகளும் இதைப் பிடித்துத் தின்னும். தோலில் ஊறும் வழவழப்பான நஞ்சுதான் இதற்குத் தற்காப்பு. அதே தோல் வழியாக இது மூச்சும் விடுகிறது. களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் அந்த வழியாகவே உள்ளே போய்விடும். ஓடைக்கரையை ஒட்டி மருந்தடிக்காமல், சருகைக் கொளுத்தாமல் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள்.

கொத்தும்போது வெளியே வந்துவிட்டால் கையால் எடுக்காதீர்கள். நிஜமாகவே பாம்பாக இருந்துவிட்டால்? ஈரமண்ணோடு மண்வெட்டியில் ஏந்தி, நிழலான இடத்தில் விட்டு, மேலே சருகைத் தள்ளிவிடுங்கள். வெயிலில் கிடந்தால் சீக்கிரம் காய்ந்து செத்துவிடும். தப்பித்தவறி கை பட்டிருந்தால், கழுவிய பிறகே கண்ணைத் தொட வேண்டும்.