மழையை எண்ணும் இரண்டு இரும்பு நாக்குகள்

பக்ளிங்னு சொன்னாலே நமக்கு ஆய்லர் ஃபார்முலாதான் ஞாபகம் வரும். எல்லைச் சுமையைத் தாண்டினால் தூண் வளைந்துவிடும், டிசைன் காலி. ஆனா இதே மாதிரி நிலைகுலைவை வேலைக்கு வைத்திருக்கும் ஒரு குட்டிப் பொருள் இருக்கு: ரீட் சுவிட்ச்.

கொல்லிமலை திண்ணனூர் நாட்டில் ஒரு தானியங்கி மழைமானி வைக்கிறோம்னு வச்சுக்குங்க. மலையில் ஒரு சரிவில் கொட்டுற மழை அடுத்த சரிவில் தூறலா இருக்கலாம். அதனால அந்தந்த இடத்திலேயே அளக்கணும். புனலில் விழும் நீர், சீசா மாதிரி இருக்கும் இரட்டைக் கிண்ணத்தில் சேரும். புனல் விட்டம் 20 செ.மீ. என்றால், 0.2 மி.மீ. மழைக்குச் சுமார் 6.3 மி.லி. நீர். அவ்வளவு சேர்ந்ததும் கிண்ணம் கவிழும். அதோடு ஒட்டிய காந்தம் ரீட் சுவிட்சைக் கடந்து போகும். சுவிட்ச் ஒருமுறை மூடித் திறந்தால் ஒரு எண்ணிக்கை.

1936-ல் பெல் ஆய்வகத்தின் வால்டர் எல்வுட் உருவாக்கிய சுவிட்ச் இது. கண்ணாடிக் குழாய்க்குள் நிக்கல்-இரும்புக் கலவையில் இரண்டு மெல்லிய நாக்குகள். இரண்டும் கேன்டிலீவர் பீம்தான். காந்தம் கிட்டே வந்தால் முனைகள் ஒன்றையொன்று இழுக்கும்.

இங்கேதான் விஷயம். நாக்கின் மீள்விசை வளைவுக்கு நேர்விகிதத்தில்தான் கூடும். காந்த இழுப்போ இடைவெளியின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். நெருங்க நெருங்க எகிறும். எளிய கணக்குப்படி, இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு மூடும்வரை சமநிலை உண்டு. அதைத் தாண்டினால் மீள்விசை தோற்கும், முனைகள் 'டக்'னு ஒட்டிக்கும். ஒட்டியபின் இழுப்பு இன்னும் பலம் என்பதால், புலம் நன்றாகக் குறைந்தால்தான் விடும். அரைகுறையாகத் தொட்டு நிற்கும் நிலையே கிடையாது.

இதன் நெருங்கிய சொந்தம்தான் காந்த பக்ளிங். மெல்லிய இரும்புத் தகட்டின் அகன்ற முகத்துக்குச் செங்குத்தாகப் புலம் கொடுத்தால், எல்லைப் புலத்தில் தகடு தானே வளையும். 1968-ல் மூன், பாவோ இருவரும் இதை ஆராய்ந்தார்கள். எல்லைப் புலம், தடிமன்-நீள விகிதத்தின் 3/2 அடுக்கைப் பொறுத்தது. நீளத்தை இரட்டிப்பாக்கினால் ஆய்லர் சுமை நான்கில் ஒரு பங்காகும். இந்த எல்லைப் புலம் சுமார் 2.8-ல் ஒரு பங்காகும்.

மழைமானி புராஜெக்ட் பண்றவங்க கவனிக்க வேண்டியது: ஒட்டும் வேகத்தில் முனைகள் ஒரு கணம் துள்ளும். கோடு அதைக் கவனிக்காவிட்டால் ஒரு கவிழ்வு இரண்டாகப் பதிவாகும், 50 மி.மீ. மழை 100 ஆகிவிடும். மண்சரிவு எச்சரிக்கைக்கு அந்த எண்ணை நம்பினால், சும்மா இருக்கிற மலைப்பாதையை மூடச் சொல்லும்; ரெண்டு தடவை ஏமாந்தவர் மூன்றாவது எச்சரிக்கையை நம்ப மாட்டார். தீர்வு ஈஸி: ஒரு துடிப்பு வந்ததும் அடுத்த 100 மில்லிவினாடிக்கு எதையும் எண்ணாதீங்க. மணிக்கு 200 மி.மீ. கொட்டினாலும் 3.6 வினாடிக்கு ஒருமுறைதான் கிண்ணம் கவிழும். அதனால் எந்தக் கவிழ்வும் எண்ணிக்கையில் விட்டுப்போகாது.